காடு தோட்டம் உண்டா?

எனக்குப் பயம் பிறவிக் குணம். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டக்கூட வேண்டாம், பட்டப்பகலே போதும். தேயிலைக்குள் காட்டெருமை நிற்குமோ என்று பயம். மழை நாளில் பின்சுவருக்கு மேலே உள்ள மண் இறங்குமோ என்று பயம். தபால்காரரைக் கண்டால் பயம். இந்தக் கடைசிப் பயத்துக்கு மட்டும் நியாயம் இருந்தது. அம்மா ரிட்டயர் ஆன பிறகு, காம்பராவைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்து ஆபீசிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. மூன்றாவது கடிதம் வந்தால் எங்கே போவது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

காம்பரா என்பது லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளில், எங்களுக்கு இருந்த ஓர் அறையும் அதை ஒட்டிய அடுப்படியும். அம்மா பத்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். அந்தச் சொல்லும் அவளோடு வந்தது. இந்த மலையில் நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுந்து பறித்தாள். வேலை இருக்கிற வரைக்கும்தான் காம்பரா. அப்பா காலமாகிவிட்டார். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். நான் லயத்துக்குக் கீழே உள்ள பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். குன்னூரில் வாடகைக்கு வீடு பிடிக்கிற சம்பளம் இல்லை அது.

இந்த நிலையில்தான் கீழே சமவெளியிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் எங்கள் லயத்தைத் தத்தெடுத்தது. தத்தெடுத்தது என்று அவர்கள்தான் சொன்னார்கள், பேனரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது வேன் வந்து நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் நாங்கள் எல்லாரும் தத்துப்பிள்ளைகள் ஆகிவிட்டோம். வேனிலிருந்து இறங்கிய மாணவர்களில் பாதிப் பேர் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தார்கள். சமூக மாற்றம் கொண்டுவர வந்தவர்களுக்கு முதலில் எலுமிச்சம்பழம் தேட வேண்டியிருந்தது.

கிண்டலாக எழுதுகிறேனே தவிர, மாணவர்களைக் கூட்டி வந்த பேராசிரியை மேடம் நல்லவர். தரையில் உட்கார்ந்துதான் பேசுவார். கொடுத்த கறுப்புத் தேநீரை மிச்சம் வைக்காமல் குடிப்பார். அவர் சொன்ன விஷயத்தைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சொந்தமாக நிலமோ வீடோ இல்லாமல், வேலையும் முடிந்து, லயத்தை விட்டு வெளியேற வேண்டிய குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்துத் தாலுகா ஆபீசில் கொடுக்கப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் வீட்டுமனைப் பட்டா கிடைக்க வழி உண்டு. தெரியாத ஆட்கள் கேட்டால் ஜனங்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள், அதனால் லயத்து ஆள் ஒருவரே கேட்டு எழுத வேண்டும் என்றார். நான் பிளஸ் டூ வரை படித்தவள், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, நான் எழுதுகிறேன் என்று கை தூக்கிவிட்டேன்.

கேள்வித்தாளில் நான்கு பக்கம். வீட்டில் எத்தனை பேர், ரேஷன் கார்டு என்ன நிறம், யாருக்கு என்ன நோய் என்று போய்க்கொண்டிருக்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: காடு, தோட்டம் உண்டா? இருந்தால் எங்கே?

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் உரக்கப் படித்தேன். எல்லாரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். தோட்டம் இல்லாமலா? நாங்களே தோட்டத்து ஆட்கள்தானே. காடு என்றால் நாங்கள் கொழுந்து பறிக்கிற தேயிலைப் பரப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒருவர் மூன்றாம் நம்பர், ஏழாம் நம்பர் இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். இரண்டிலும் உழைத்தவராம், ஒன்றை விட்டால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்பதுபோலச் சொன்னார். நானும் எழுதினேன். உண்டு, உண்டு, உண்டு என்று மொத்த லயத்துக்கும் என் பேனாவால் எழுதினேன்.

அம்மா மட்டும் சுலபத்தில் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குக் காகிதம் என்றாலே ஆகாது. மருந்துச் சீட்டைக்கூட விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டுத்தான் மடிப்பாள். இதை எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டாள். ஒன்றும் ஆகாது, நல்லதுதான் நடக்கும் என்றேன். அதன் பிறகுதான் ஏழாம் நம்பர்க் காடு என்றாள். உண்டு என்று எழுதினேன்.

கேள்வியைத் தயார் செய்தது கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மாணவி ஒருத்தி. கலகலவென்று பேசுகிற பெண். இரண்டு வாரம் கழித்து அவள் பால்வாடியில் உட்கார்ந்து, நான் எழுதிய தாள்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தூங்குகிற நேரம். நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லீங்க்கா," என்றாள் தலையைத் தூக்காமலே. "இங்க எல்லாருக்கும் காடு தோட்டம் இருக்குதுங்களே. எங்க ஊர்லகூட இப்படி இல்லீங்க. சர்வே நம்பரெல்லாம் கரெக்டா சொல்லியிருக்காங்க."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொந்தத் தோட்டம்தான், எங்க ஊட்டுல அப்பிச்சி காலத்துல கெணறு வெட்டினது மாதிரி, என்றாள். அவர்கள் ஊரில் தண்ணீர் பாய்கிற சொந்த நிலம் தோட்டம். மழையை நம்பி இருக்கிற சொந்த நிலம் காடு. வேறு அர்த்தமே அவர்களுக்கு இல்லை. எங்களுக்கோ இரண்டுமே அடுத்தவருடையது.

 கையில் இருந்த முட்டையைக் கீழே வைத்தேன். நிலம் இல்லாதவர்களின் பட்டியல் போடுவதற்காக வீடு வீடாக ஏறி இறங்கி, லயம் முழுவதையும் நிலச்சுவான்தார்கள் ஆக்கியிருந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அதைவிடப் பெரிய இடி, ஒரு பிரதி ஏற்கெனவே தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது என்று அவள் சொன்னது. சொல்லும்போதே அவளுக்கும் விஷயம் புரிந்து, முகம் வேனில் வந்த முதல் நாளைப் போல வெளுத்துவிட்டது.

மேடம் மறுநாளே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, அந்தப் பெண்ணையும் திட்டவில்லை.

"தப்பு எங்களுதுதான்," என்றார். "கேள்விய இங்க உக்காந்து எழுதியிருக்கணும். நாங்க அங்க உக்காந்து எழுதிட்டோம்."

எல்லாவற்றையும் ஒரே அடியாக 'இல்லை' என்று மாற்றிவிட முடியாதா என்று கேட்டேன். முடியாது, ஏனென்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குச் சோலூர்ப் பக்கம் நிஜமாகவே கொஞ்சம் கேரட் நிலம் இருந்தது. ஒருவர் விஷயத்தில் பொய் ஆனால் முழுப் பட்டியலையும் தள்ளிவிடுவார்கள். அதனால் புதிதாக ஒரே ஒரு கேள்வியோடு ஒரு தாள் அடித்தார்கள்: பட்டா உள்ள சொந்த நிலம் உண்டா, இல்லையா? கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து. ஒரு வாரத்தில் வாங்கிவிட வேண்டும். பிறகு தாலுகா ஆபீசிலிருந்து அதிகாரி நேரில் வந்து, ஒவ்வொருவரையும் நிற்கவைத்துச் சரிபார்ப்பார்.

நான் மறுபடியும் படி ஏறினேன். முதல் தடவை தேநீர் கொடுத்த வாசல்களில் இந்தத் தடவை கேள்விதான் வந்தது. அன்றைக்கு இருக்கு என்று நீதானே எழுதினாய், இன்றைக்கு இல்லை என்று எழுது என்கிறாய், எது நிஜம்? பொய் சொன்னதாகக் கேஸ் போடுவார்களா? நான் விளக்கம் சொல்லச் சொல்ல எனக்கே அது திருட்டுக் கதைபோலக் கேட்டது. இதற்குள் குழாயடியில் வேறொரு பேச்சு கிளம்பியது. நிலம் இல்லாதவர்களைத் தனியாகக் கணக்கெடுத்து இலங்கைக்கே திருப்பி அனுப்பப் போகிறார்களாம். யார் போனில் யாருக்கு வந்ததோ தெரியாது. இரண்டு குடம் நிரம்புவதற்குள் அது லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் போய்விட்டது.

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் அம்மாவைப் போலவே அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள்தான் லயத்தில் பெரும்பாலும், ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு தடவை மூட்டை கட்டியவர்களுக்கு மறுபடியும் கட்டச் சொல்வார்கள் என்று நம்புவது சிரமமில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் அது நிஜமாக இருக்குமோ என்று உதறியது. நானே பயந்துகொண்டு மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னேன்.

மேடமும் மாணவர்களும் மூன்று நாள் இங்கேயே தங்கினார்கள். ராத்தங்கல் பால்வாடியில், குளிருக்கு எங்கள் கம்பளிகளில். வாசல் வாசலாக வந்து உட்கார்ந்தார்கள். ஒரு சாயங்காலம் லயத்து முற்றத்தில் நாடகம் போட்டார்கள். கோபிப் பெண்தான் நடுவில் நின்று, எங்களூர்த் தோட்டம் வேறு உங்களூர்த் தோட்டம் வேறு என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டு நடித்தாள். ஜனங்கள் அப்போதுதான் சிரித்தார்கள். சிரித்த பிறகு ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். சோலூர் நிலக்காரர்கூட வந்து, எனக்கு உண்டு என்று நேர்மையாக எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அந்த நாடகத்துக்கு வரவில்லை. விறகுக்குப் போய்விட்டாள். மற்ற எல்லா வாசலுக்கும் போன நான், என் வாசலுக்கு மட்டும் போகாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் காட்டெருமையைவிட அம்மாவிடம்தான் அதிகப் பயம். காட்டெருமை வழிவிட்டால் போய்விடும்.

கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தாளை நீட்டினேன். அவள் வாங்கவே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இருக்குன்னு எழுதினியா இல்லியா? இருக்குன்னே இருக்கட்டும்."

அப்படி இருந்தால் பட்டா கிடைக்காது, காம்பராவும் போய்விடும், நாம் நடுத்தெருவில்தான் நிற்போம் என்றேன். குழாயடிப் பேச்சு வெறும் புரளி என்று மேடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே கேட்டாள்.

"இருக்கிறவள எவனும் அசைக்க மாட்டான் புள்ள. இல்லாதவளத்தான் மூட்டையோட தூக்கி ஏத்துவான்."

எனக்குக் கோபம் வந்தது. உன் பிடிவாதத்தால் எல்லாம் கெடப் போகிறது என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கீரைச் சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே அவள் கை நடுங்கியதில் சுளகு சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கும் பயம் உண்டு என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

மறுநாள் நான்கு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். எல்லாத் தாளும் அடுக்கியாயிற்று, எங்கள் வீட்டுத் தாள் ஒன்றைத் தவிர. அம்மா அன்றைக்கும் வீட்டில் இல்லை. நான் பால்வாடி மேஜையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்று எழுதினேன். பிறகு கீழே அம்மாவின் கையெழுத்தைப் போட்டேன்.

அது எனக்குப் புதிதில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்தே ராங்க் கார்டில் அந்தக் கையெழுத்தைப் போட்டுப் பழகியவள் நான். பெரிய பெரிய எழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கணக்கில் பெயிலானால் அவள் விரல் வைத்து வாசிப்பாளே என்ற பயத்தில் கற்றுக்கொண்ட வித்தை. அன்றைக்கு மேடத்திடம் தாளைக் கொடுத்தபோது, எல்லாரும் போட்டுவிட்டார்களா என்று கேட்டார். போட்டுவிட்டார்கள் என்றேன். 

அதிகாரி வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது பேசிவிடுவேன். அதிகாரி கூப்பிடும்போது அவள் இருக்கு என்று சொல்லிவிட்டால் எங்கள் பெயர் போய்விடும். இது என் கையெழுத்தில்லை என்று சொல்லிவிட்டால் என் மானம் போகும், பால்வாடி வேலையும் போகும். அதோடு நிற்குமா? நான் கொடுத்த தாள்தான் எல்லாமே, ஒன்று கள்ளம் என்றால் மொத்தமும் கள்ளம் என்று லயத்து ஆட்கள் அத்தனை பேருடைய மனையும் போகும். 

சமுதாயக்கூடத்தில் கூட்டம். வெளியே மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. அதிகாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் காட்டிக் கேட்டார். எல்லாரும் மேடம் சொல்லிக்கொடுத்தபடி, அது கம்பெனித் தோட்டம், எங்களுடையது அல்ல என்று சொன்னார்கள். மேடம் சுவரோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அம்மா பெயர் வந்தது. அவள் எழுந்து மேஜைக்குப் போனாள். நான் கடைசி வரிசையில் பெஞ்சியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கம்மா, மொதத் தாள்ல காடு உண்டுன்னு இருக்குது. இதுல நெலம் இல்லைன்னு இருக்குது. இது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

அம்மா தாளைக் கையில் வாங்கினாள். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, முதல் எழுத்தில் வைத்தாள். கேள்வியை வாசித்தாள். 'இல்லை' என்ற சொல்லை வாசித்தாள். விரல் கையெழுத்துக்கு வந்தது. அங்கே நின்றது. பெரிய எழுத்து, கடைசியில் கோடு. நான் எழுதப் பழகியதிலிருந்து என் எழுத்தைப் பார்த்தவள் அவள். கூடத்தில் யாரோ இருமினார்கள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். எழுந்து போய் நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெஞ்சியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என் கையெழுத்துத்தாங்க," என்றாள் அம்மா.  "நெலம் இல்லீங்க. இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல."

அவர் டிக் செய்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது அம்மா முன்னால் நடந்தாள், நான் இரண்டடி பின்னால். பனியில் அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அடிக்கப் போகிறாள், அல்லது இனி பேசவே மாட்டாள் என்று பயந்துகொண்டே போனேன். ஏழாம் நம்பர்க் காட்டு ஓரத்தில் வேகம் குறைத்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். இலங்கையில் ஒரு நாள் அவளுடைய அப்பா வேலைக்குப் போகாமல் டவுனுக்குப் போனாராம். சாயங்காலம் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்தியாவுக்குப் போகிறோம் என்றாராம். ஐந்து பேருக்கும் சேர்த்து அவர் ஒருவரே போட்டாராம். அவளுடைய அம்மா மூன்று நாள் சமைக்கவில்லையாம்.

"நல்லதுக்குன்னுதான் போட்டாரு," என்றாள். கொஞ்ச தூரம் போய், "நீயும் நல்லதுக்குத்தான் போட்ட."



பட்டியலில் அம்மா பெயர் வந்தது. லயத்தில் 'இல்லை' என்று எழுதிக்கொடுத்த எல்லாப் பெயரும் வந்தது. கோபிப் பெண் போனில் அழுதே விட்டாள். மூன்றாவது கடிதமும் வந்தது, ஆனால் அதே வாரத்தில் தாலுகா ஆபீசிலிருந்தும் ஒன்று வந்தது: வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பட்டாவை வாங்கிக்கொள்ளவும். அன்று காலை நான் பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, குடையோடு வாசலில் நின்றேன். தாலுகா ஆபீசில் ஆள் கூட்டம் இருக்கும், எங்கே போய் யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியாது, கடிதத்தைக் கொடு நான் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். அம்மா கடிதத்தை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"நீ ஊட்டுல இரு புள்ள," என்றாள். "இத நானே போட்டுக்கிறேன்."